தூய நீரில் கெளுத்தி வந்த கதையும், சூழல் டிஎன்ஏ மாதிரி எடுக்கும் முறையும்

ஆப்பிரிக்கக் கெளுத்தி ஓர் ஏரிக்குள் நுழைந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் பத்துக் குப்பிகளில் தண்ணீர் எடுத்தேன். கூடவே, ஆய்வகத்துத் தூய நீரை இரண்டு குப்பிகளில் கொண்டுபோய்க் கரையில் திறந்து, ஏரித் தண்ணீரைப் போலவே வடிகட்டி அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. பத்திலும் கெளுத்தி. தூய நீர் இருந்த இரண்டிலும் கெளுத்தி.

தூய நீரில் மீன் நீந்தாது. தேடிப் பார்த்தபோது, நான் இரவல் வாங்கிய ஐஸ் பெட்டியில் அதற்கு முன் மீன் வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தேன். வாடை போய்விட்டதால் சுத்தமாகிவிட்டது என்று நம்பினேன். வாடை போனது, டிஎன்ஏ போகவில்லை. பெட்டியின் ஈரம் குப்பிகளின் வெளிப்புறத்தில் ஒட்டி, அங்கிருந்து என் கையுறைக்கும், கையுறையிலிருந்து வடிதாளுக்கும் போயிருக்கிறது. பன்னிரண்டு மாதிரிகளுக்குச் செலவழித்த பணமும் ஒரு பருவமும் போயின. நீங்கள் அப்படி இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சூழல் டிஎன்ஏ முறை இதுதான்: மீன், தவளை, சிப்பி எதுவானாலும் சளி, செதில், கழிவு, முட்டை, விந்து என்று உடல் துணுக்குகளைத் தண்ணீரில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். அவற்றோடு சேர்ந்து வரும் டிஎன்ஏவை வடித்தெடுத்து, யாருடையது என்று பார்க்கிறோம். விலங்கைப் பிடிக்க வேண்டியதில்லை, பார்க்கக்கூட வேண்டியதில்லை. வலைக்குச் சிக்காத அளவில் சிலவே இருக்கும்போதே துப்புக் கிடைக்கும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இந்த ஏரியில் என்னென்ன இருக்கின்றன?" என்பது ஒரு கேள்வி. "இந்த ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி இருக்கிறதா?" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஆய்வகத்தில் வழி வேறு, செலவு வேறு, காத்திருக்கும் காலமும் வேறு.

குறிப்பிட்ட ஓர் இனத்தைத் தேடினால் நிகழ்நேர பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கி, பெருகுவதை உடனுக்குடன் அளக்கும் முறை) போதும். அந்த இனத்தின் டிஎன்ஏவில் மட்டும் ஒட்டும் பிரைமர்கள் என்ற சிறு டிஎன்ஏ துண்டுகளைப் போட்டு, அது பெருகுகிறதா என்று பார்ப்பார்கள். வேகமானது, மிகச் சிறிய அளவையும் பிடிக்கக்கூடியது. எல்லா மீன்களின் பட்டியலும் வேண்டுமென்றால் மெட்டாபார்கோடிங். பொதுப் பிரைமரால் எல்லாவற்றையும் பெருக்கி, வரிசைகளைப் படித்து, தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். எதிர்பாராத விருந்தாளி யாராவது வந்திருந்தால் காட்டிக்கொடுப்பது இதுதான். ஆனால் அந்த விருந்தாளியின் வரிசை தரவுத்தளத்தில் இல்லாவிட்டால் அதன் பெயர் பட்டியலில் வராது. மிக அரிதாக இருக்கும் ஒன்றை, ஏராளமாக இருப்பவை அமுக்கிவிடவும் கூடும்.

எத்தனை மீன், என்ன வயது, உயிரோடு இருக்கிறதா என்றெல்லாம் உங்கள் கேள்வி இருந்தால் இந்த முறையை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் இதில் கிடையாது.

2. அந்த இனத்துக்குச் சோதித்த பிரைமர் இருக்கிறதா?

புதியவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இது. ஆய்வுக் கட்டுரையில் பிரைமர் வரிசை அச்சாகியிருப்பதால் மட்டும் அது உங்கள் ஏரிக்குப் பொருந்திவிடாது. வேறொரு கண்டத்தில், வேறு உறவினங்களோடு வாழும் இடத்தில் சோதித்திருப்பார்கள். உங்கள் ஏரியில் அதே பேரினத்தைச் சேர்ந்த உள்ளூர் மீன் ஒன்று இருந்து, அதன் டிஎன்ஏவிலும் அந்தப் பிரைமர் ஒட்டினால், மண்ணின் மைந்தனையே ஆக்கிரமிப்பாளன் என்று அறிவித்துவிடுவீர்கள்.

ஆய்வகத்திடம் மூன்றைக் கேளுங்கள். கணினியில், தரவுத்தள வரிசைகளோடு ஒப்பிட்டார்களா? மேசையில், உடன்வாழும் உறவினங்களின் திசுவை வைத்துச் சோதித்தார்களா? களத்தில், அந்த இனம் இருப்பதாகவும் இல்லாததாகவும் உறுதியாகத் தெரிந்த நீர்நிலைகளில் ஓட்டிப் பார்த்தார்களா? மூன்றாவதற்கு "ஆம்" என்ற பதில் அபூர்வம். இரண்டாவதற்கும் "இல்லை" என்றால் தண்ணீர் எடுக்கக் கிளம்பாதீர்கள். உள்ளூர் உறவினங்களின் துடுப்புத் துணுக்குகளைச் சேகரித்துக் கொடுத்து அந்தச் சோதனையை முதலில் முடியுங்கள்.

கலப்பினங்கள் உள்ள இடத்தில் இன்னொரு கண்ணி உண்டு. பெரும்பாலான சோதனைகள் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்ப்பவை; அது தாய்வழி மட்டுமே வருவது. திலேப்பியா இனங்கள் தங்களுக்குள் கலப்பவை. முடிவில் வரும் பெயர் தாயின் பெயராகவே இருக்கும், பிள்ளை யாராக இருந்தாலும்.

3. ஆய்வகத்தோடு விலையை எழுத்தில் பேசுங்கள்

மாதிரி எடுத்துவிட்டு ஆய்வகம் தேடுவது தாலி கட்டிவிட்டுப் பெண் பார்ப்பதைப் போன்றது. எந்த வடிதாள், எந்தப் பாதுகாப்புத் திரவம், எந்தக் குழாய் என்பதெல்லாம் அவர்கள் டிஎன்ஏ பிரிக்கும் முறையைப் பொறுத்தவை.

"ஒரு மாதிரிக்கு இவ்வளவு" என்று சொல்லும் விலைக்குள் எதெல்லாம் அடக்கம் என்று கேட்டு மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். டிஎன்ஏ பிரிப்பு சேர்ந்ததா? ஒரு மாதிரிக்கு எத்தனை முறை பிசிஆர் ஓட்டுவார்கள்? பிசிஆரைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றனவா என்ற சோதனை உண்டா? தடை இருந்தால் சுத்திகரித்து மறுபடி ஓட்டுவதற்குத் தனிக் கட்டணமா? வெற்று மாதிரிகளையும், அதாவது நான் கரையில் திறந்ததைப் போன்ற தூய நீர்க் குப்பிகளையும், மாதிரிக் கணக்கில் சேர்ப்பார்களா? கடைசிக் கேள்விக்கு அநேகமாக "ஆம்" என்றே பதில் வரும். பத்து மாதிரி என்று நினைத்துப் போட்ட பட்ஜெட் பதின்மூன்றாக வந்து நிற்பது இப்படித்தான். அதற்காக வெற்று மாதிரியைக் குறைக்காதீர்கள்.

மெட்டாபார்கோடிங்குக்கு விலைக் கணக்கு வேறு. வரிசைப்படுத்தும் கருவியை ஒருமுறை ஓட்டும் செலவு பெரிது; பல வாடிக்கையாளர்களின் மாதிரிகள் சேரும்வரை வைத்திருந்து ஒன்றாக ஓட்டுவார்கள். உங்கள் மாதிரி உறைபெட்டியில் வரிசையில் நிற்கும் நாள்களையும் காலக்கணக்கில் சேருங்கள்.

4. காகிதங்கள்

தண்ணீர்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். நீர்நிலையின் உரிமையாளரிடமோ பராமரிக்கும் துறையிடமோ எழுத்து அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அதற்குத் தனி அனுமதி. அது வரும் வேகம் உங்கள் கையில் இல்லை. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள். விண்ணப்பத்தில் "நீர் மாதிரி" என்று மட்டும் எழுதாமல், அதிலிருந்து டிஎன்ஏ பிரிக்கப்படும் என்பதையும் எழுதுங்கள். பின்னால் யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது.

மாதிரி நாட்டின் எல்லையைத் தாண்டினால் சுமை கூடும். மரபுவளங்களை அணுகுவது பற்றிய நகோயா நெறிமுறை 2014 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகள் பலவற்றில் மரபுப் பொருளை வெளியே அனுப்ப முன் அனுமதி கேட்பார்கள். பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதி இன்னொன்று. எத்தனாலில் பாதுகாத்த மாதிரியை விமானத்தில் அனுப்பினால் அது எளிதில் தீப்பற்றும் பொருள், ஆபத்தான சரக்குகளுக்கான ஐநா எண் 1170. அறிவிக்காமல் அனுப்பிய பொட்டலம் பாதி வழியில் நின்றுவிட்டால் குற்றம் கூரியர்காரருடையது அல்ல.

இன்னொரு தாளையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள்: கைமாற்றுப் பதிவேடு. மாதிரியை யார், எப்போது, யாரிடம் கொடுத்தார், எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதற்கு ஒவ்வொரு கையிலும் ஒரு கையெழுத்து. உங்கள் முடிவை நம்பி ஓர் ஏரியை மூடவோ மருந்து தெளிக்கவோ யாராவது முடிவெடுத்தால், முதலில் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான்.

5. எந்த மாதத்தில் போவது

விலங்கு எப்போது அதிகமாக உதிர்க்கிறதோ அப்போது. மீன்களுக்கு இனப்பெருக்கக் காலம் நல்லது. அமெரிக்க எருதுத்தவளை என்றால் தலைப்பிரட்டைகள் நிறைந்திருக்கும் நாள்கள். வரிக்குதிரைச் சிப்பி தண்ணீர் சுமார் 12 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் முட்டையிடத் தொடங்கும். அதன் பிறகு நுண்ணிய இளம் உயிரிகள் நீரெங்கும் மிதக்கும். சிங்கி இறாலின் நன்னீர் உறவான கிரேஃபிஷ், ஓடு மூடியதால் மிகக் குறைவாகவே உதிர்க்கும். பெண்கள் முட்டை சுமக்கும் காலத்தில் வாய்ப்புக் கூடும். ஆமைகளும் கஞ்சர்களே.

பெருமழைக்கு மறுநாள் போகாதீர்கள். டிஎன்ஏ நீர்த்துப்போயிருக்கும், சேறு வடிதாளை அடைக்கும், மேலே எங்கிருந்தோ அடித்துவரப்பட்டதும் கலந்திருக்கும். தண்ணீரில் டிஎன்ஏ பொதுவாகச் சில நாள்கள் முதல் ஓரிரு வாரங்கள் வரையே தாங்கும். வெப்பம், வெயில், நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துவிடும். அடிச்சேற்றில் புதைந்தது நெடுநாள் கிடக்கும். கரையில் காலை விட்டுச் சேற்றைக் கலக்கினால், எப்போதோ செத்துப்போன மீனின் சாட்சியம் உங்கள் குப்பிக்குள் வந்துவிடும்.

6. எத்தனை மாதிரி?

"மூன்று எடுத்தேன், மூன்றிலும் இல்லை, ஆகவே ஏரியில் இல்லை" என்று எழுதப்பட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த இனம் ஏரியில் இருந்தும், ஒரு மாதிரியில் அது அகப்படும் வாய்ப்பு 30 சதவீதம்தான் என்று வையுங்கள். மூன்று மாதிரியிலும் தவறவிடும் வாய்ப்பு 0.7-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது: 34 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு ஏமாற்றம். ஒன்பது மாதிரி எடுத்தால் அது 4 சதவீதமாக இறங்கும். வாய்ப்பு 50 சதவீதமாக இருந்தால் ஐந்து மாதிரியிலேயே 3 சதவீதத்துக்கு வந்துவிடலாம்.

பணம் குறைவு என்றால் நீர்நிலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு நீர்நிலையில் எடுக்கும் மாதிரிகளைக் குறைக்காதீர்கள். ஏரியில் ஒரே இடத்தில் ஒன்பதையும் எடுப்பதும் வீண். சுற்றிலும் பிரித்து எடுங்கள். கோடையில் அடுக்கடுக்காக வெப்பம் பிரிந்து நிற்கும் ஆழமான ஏரியில் வெவ்வேறு ஆழங்களிலும் எடுங்கள்.

7. முந்தைய நாள்

வீட்டு உபயோகத்துக்கான பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பழைய கரைசலுக்கு வீரியம் இருக்காது. குப்பி, வடிகட்டிப் பிடிப்பான், இடுக்கி, ஐஸ் பெட்டியின் உள்ளும் வெளியும், பூட்ஸ் எல்லாவற்றையும் பத்து நிமிடமாவது ஊறவைத்து, பிறகு தூய நீரில் பலமுறை அலசுங்கள். அலசாமல் விட்டால் மிச்சமிருக்கும் பிளீச் நீங்கள் தேடிவந்த டிஎன்ஏவையும் அழித்துவிடும். ஆல்கஹால் துடைப்பான் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. இது தெரியாமல் இடுக்கியை எத்தனாலில் முக்கி முக்கி எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஓர் எச்சரிக்கை: ஆய்வகங்கள் தரும் சில திரவங்களில் குவானிடின் உப்பு இருக்கும். அதோடு பிளீச் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே வாளியில் கொட்டாதீர்கள்.

ஐஸ் பெட்டியை இரவல் வாங்காதீர்கள். இதற்கென்று ஒன்று வாங்கி, மேலே பெயர் எழுதி வையுங்கள். ஒவ்வொரு குப்பியையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு வையுங்கள்.

8. கரையில்

அந்த இனம் இருக்காது என்று நினைக்கும் இடத்துக்கு முதலில் போங்கள். நிச்சயம் இருக்கும் இடத்துக்குக் கடைசியில். ஆற்றில் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கி நகருங்கள். நீரோட்டத்தைப் பார்த்தபடி நின்று, கையை முன்னால் நீட்டி எடுங்கள். உங்கள் காலைத் தொட்ட தண்ணீர் குப்பிக்குள் போகக் கூடாது. தண்ணீரில் இறங்காமலே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. நீளக் கம்பின் நுனியில் குப்பியைக் கட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வோர் இடத்துக்கும் புதுக் கையுறை. தலைமுடியை ஒதுக்கினாலும், கைபேசியைத் தொட்டாலும், மீனவரோடு கைகுலுக்கினாலும் மறுபடி புதுக் கையுறை. அன்று காலை அந்த இனத்தை வலையில் பிடித்தவர் மாலையில் தண்ணீர் எடுக்கக் கூடாது. கணக்கெடுப்புக் குழுக்களில் இதைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள். முதலில் தண்ணீர், அடுத்த நாள் வலை.

தூய நீர்க் குப்பியை ஒவ்வொரு கள நாளிலும் ஒன்றாவது கரையில் திறந்து, மற்றவற்றுக்குச் செய்ததையெல்லாம் அதற்கும் செய்யுங்கள். அந்த இரண்டு குப்பிகள் இல்லாமல் போயிருந்தால், "பத்துக்குப் பத்து" என்று நான் மார்தட்டியிருப்பேன்.

படிவத்தில் நேரம், இடத்தின் ஆயத்தொலைவு, நீரின் வெப்பநிலை, அமிலத்தன்மை, கலங்கல் ஆகியவற்றைக் குறியுங்கள். பக்கத்தில் மீன் வெட்டும் இடம், கழிவுநீர் வாய்க்கால், தூண்டில்காரர்கள், நீர்க்காகங்கள் எச்சமிடும் மரம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். மீன் வராமல் மீனின் டிஎன்ஏ மட்டும் வந்துசேரும் வழிகள் இவை.

கிளம்புமுன் பூட்ஸையும் கருவிகளையும் கழுவிக் காயவையுங்கள். ஆக்கிரமிப்பு இனத்தைத் தேடப் போனவரே அதை அடுத்த ஏரிக்குச் சுமந்து போவது கேவலம்.

9. வடிகட்டுதல்

எடுத்த தண்ணீரை ஐஸில் வைத்து, கூடிய மட்டும் அன்றே, தப்பினால் 24 மணி நேரத்துக்குள் வடிகட்டிவிடுங்கள். கரையிலேயே வடிகட்டுவது எல்லாவற்றிலும் மேல். தெளிந்த நீர் என்றால் 0.45 மைக்ரான் வடிதாளில் ஒரு லிட்டர் இறங்கும். பாசி படர்ந்த குளத்தில் அந்தக் கனவு வேண்டாம். 200 மில்லிலிட்டரிலேயே தாள் பச்சைப் பழுப்பாகி, சிரிஞ்சின் தண்டு கட்டைவிரலை எதிர்த்துத் தள்ளும். அதற்கு மேல் பலவந்தம் செய்தால் தாள் கிழியும். அது வெளியே தெரியாது, தண்ணீர் திடீரென்று சுலபமாக இறங்கத் தொடங்குவதுதான் அடையாளம். அந்த மாதிரியைத் தூக்கிப்போடுங்கள். கலங்கல் நீருக்கு 1.2 மைக்ரான் அல்லது அதைவிடப் பெரிய துளையுள்ள தாள், அல்லது ஒரு மாதிரிக்கு இரண்டு மூன்று தாள்கள் என்று ஆய்வகத்தோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள். எவ்வளவு இறங்கியது என்பதை மில்லிலிட்டரில் எழுத மறக்காதீர்கள். அந்த எண் இல்லாமல் இரண்டு மாதிரிகளை ஒப்பிட முடியாது.

தாளை இடுக்கியால் எடுத்து, படிவு உட்புறம் இருக்கும்படி இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, குழாயில் போட்டு எத்தனாலை ஊற்றுங்கள். டிஎன்ஏவைப் பாதுகாக்கும் லாங்மயர் கரைசல் கிடைத்தால், மாதிரி அறை வெப்பநிலையிலும் தாங்கும், தீப்பற்றாது. தொலைவுப் பயணத்துக்கு என் ஓட்டு அதற்கே. குழாயின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள். ஒரு துளி எத்தனால் கசிந்தால் எழுத்து நீல நீராக வழிந்து ஓடிவிடும். பென்சிலால் எழுதிய சிறு தாளை குழாயோடு பைக்குள் போடுங்கள்.

10. முடிவு வந்ததும்

முதலில் வெற்று மாதிரிகளைப் பாருங்கள். அவை சுத்தமாக இல்லையென்றால் மற்றவற்றைப் படிக்க வேண்டாம்.

அடுத்து, தடைப் பொருள் சோதனை. இலை மக்கிய கருந்தேநீர் நிறத் தண்ணீரில் ஹியூமிக் அமிலம் இருக்கும். அது பிசிஆரை முடக்கிவிடும். இந்தச் சோதனை இல்லாமல் வரும் "இல்லை"க்கு மதிப்புக் கிடையாது. மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால் தடை விலகலாம். தேடும் டிஎன்ஏவும் பத்து மடங்கு குறையும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பிறகு எத்தனையில் எத்தனை என்று பாருங்கள். எட்டு முறை ஓட்டியதில் ஒன்றில் மட்டும், அதுவும் டிஎன்ஏவைப் பெருக்கும் சுழற்சிகளில் 40-ஆவதை ஒட்டி, மிகத் தாமதமாகத் தலைகாட்டியிருந்தால், அதைச் சந்தேகம் என்று எழுதுங்கள். பெருகிய துண்டை வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். வரிசை பொருந்தினால்தான் பேச்சு. கூடவே, பிரித்த டிஎன்ஏவின் மிச்சத்தை எத்தனை மாதம் உறைநிலையில் வைத்திருப்பார்கள் என்று கேட்டு, நீட்டிக்கச் சொல்லுங்கள்.

உறுதியான "இருக்கிறது" வந்தால், சட்டப்படி அறிவிக்க வேண்டிய இனமா என்று பார்த்து உரிய துறைக்கு எழுதுங்கள். ஊருக்குச் சொல்வதற்கு முன் அதே இடங்களில் மறுபடி தண்ணீர் எடுங்கள். வலை, பொறி, மின்மீன்பிடிப்பு ஆகியவற்றால் விலங்கையும் தேடச் செய்யுங்கள். ஆற்றில் டிஎன்ஏ கிலோமீட்டர் கணக்கில் மிதந்து வரும்; ஆகவே மேலே மேலே போய், எந்த இடத்துக்கு மேல் அது நின்றுபோகிறது என்று பாருங்கள்.

என் ஏரிக்கு அடுத்த பருவத்தில் புதுப் பெட்டியோடு மறுபடி போனேன். வெற்று மாதிரிகள் மூன்றும் சுத்தம். ஏரி மாதிரி ஒன்பதில் இரண்டில் கெளுத்தி, இரண்டுமே மதகுக்குப் பக்கத்தில் எடுத்தவை. இப்போது அங்கே பொறி வைத்திருக்கிறார்கள்.